கோல்ஃப் 1 ஜிடிஐ: 1.8 போய் 2.0 வரட்டுமா, எந்த வழியில்?

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

அனைவருக்கும் டர்பனிலிருந்து வணக்கம். வீட்டில் ஒரு வோக்ஸ்வாகன் கோல்ஃப் 1 ஜிடிஐ நிற்கிறது. அப்பா ஓட்டியது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கம்ப்ரெஷன் பார்த்ததில் இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஹிகின்சன் சாலை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவருக்கு நீலப்புகையில் என் வண்டியே தெரியாது. எப்படியும் என்ஜினை இறக்கிப் போர் செய்தாக வேண்டும், அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்க வேண்டும். செலவு செய்வது என்று ஆனபிறகு 1781 சிசியிலேயே நிற்பானேன், 1984 சிசிக்குப் போனால் என்ன என்பதுதான் கேள்வி.

மூன்று வழிகள் தெரிகின்றன. கோல்ஃப் 3இன் 2.0 எட்டு வால்வு என்ஜினை அப்படியே வைப்பது. அல்லது அதே தலைமுறையின் பதினாறு வால்வு என்ஜின், ஏபிஎஃப் முத்திரை போட்டது. இல்லையென்றால் என்னுடைய பிளாக்கிலேயே 92.8 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட கிராங்கைப் போடுவது. தினமும் வேலைக்குப் போகிற வண்டி, எப்போதாவது டெஸி ஓடுதளத்துக்கும் போகும். பானெட்டை வெட்ட மாட்டேன். கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் ஊசிமுறையைக் கழற்ற மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காடெட் பக்தன் (டோங்காட்)

விற்றுவிட்டு ஓப்பல் காடெட் ஜிஎஸ்ஐ 16வி வாங்கு. சிலிண்டர் விட்டம், அதாவது போர், 86 மிமீ, ஸ்ட்ரோக் 86 மிமீ, 1998 சிசி. பிறந்ததே 2.0. நீ செய்யப்போகிற வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

டோங்காட் தம்பி எந்த இழையிலும் இதைத்தான் எழுதுவார், கண்டுகொள்ளாதீர்கள்.

செங்கோல்ஃப் தம்பி, முதலில் அளவுகளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். உன் என்ஜினில் போர் 81, ஸ்ட்ரோக் 86.4. புதியதில் போர் 82.5, ஸ்ட்ரோக் 92.8. கூடுகிற 203 சிசியில் பெரும்பங்கு ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறது. போரை மட்டும் 82.5 ஆக்கினால் உனக்கு ஏறக்குறைய 67 சிசிதான் கிடைக்கும். அதற்காக ஒரு செட் பிஸ்டன் வாங்குவது வீண் செலவு. ஆகவே முடிவு செய்ய வேண்டியது கிராங்கைப் பற்றித்தான்.

அந்தக் கிராங்க் உன் பிளாக்கில் உட்காரும். கிராங்க் பேரிங்கில் சுழலும் கழுத்து, அதாவது மெயின் ஜர்னல், 54 மிமீ, பிஸ்டனை இணைக்கும் ராட் உட்காரும் ராட் ஜர்னல் 47.8 மிமீ, இரண்டு என்ஜினிலும் ஒன்றுதான். பிளாக்கின் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து மேல்தளம் வரை, 220 மிமீ. ராட் நீளம் 144. இனிக் கணக்குப் போடு. 220இல் பாதி ஸ்ட்ரோக் 46.4 போக, ராட் 144 போக, மிச்சம் 29.6 மிமீ. பிஸ்டனை ராட்டில் கோக்கும் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை அவ்வளவுதான் இடம். உன் பழைய 1.8 பிஸ்டனுக்கு இந்த இடம் 32.8. அதைப் போட்டால் 3.2 மிமீ மேலே துருத்திக்கொண்டு வந்து, சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டில் இடிக்கும். பழைய பிஸ்டனையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்குப் போகாதே.

2.0 பிஸ்டன் வேண்டும் என்றால் போர் 82.5 ஆக வேண்டும். 81 பிளாக்கில் சுவருக்கு முக்கால் மிமீ எடுக்கிறோம். பெரும்பாலும் தாங்கும். ஆனால் இது கடற்கரை ஊர். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்களோ, உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறதோ, வெளியே தெரியாது. அல்ட்ராசானிக் கருவியால் சுவர்த் தடிப்பைப் பார்க்காமல் போர் செய்ய விடாதே. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் கோல்ஃப் 3 ஜிடிஐயின் 2ஈ முத்திரை போட்ட கீழ்ப்பாதியைத் தேடு. அதுவும் 220 மிமீ பிளாக்தான், போர் பிறவியிலேயே 82.5.

உயரத்துக்காரன் (லெனேஷியா)

ஐயா கணக்கு சரி. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கோல்ஃப் 1 ஜிடிஐ 1.8 என்ஜினுக்கு 82 கிலோவாட். கோல்ஃப் 3இன் 2ஈ என்ஜினுக்கு 85 கிலோவாட். இத்தனை கிரீஸைக் கையில் பூசிக்கொண்டு மூன்று கிலோவாட்டா?

கோல்ஃப் 4இன் 1.8 டர்போ 20 வால்வு, ஏஜியு என்ஜின், தொட்டுக்கூடப் பார்க்காமல் 110 கிலோவாட், 210 நியூட்டன் மீட்டர் தருகிறது. இங்கே ரீஃபில், ஜோகன்னஸ்பர்க் பக்கம், நாங்கள் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். டர்போ இல்லாத எந்த என்ஜினும் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. டர்போ அதில் பெரும்பகுதியை மீட்டுத்தரும். கொள்ளளவைக் கூட்டுவது பழைய காலத்து வேலை.

மலையேறி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

லெனேஷியாத் தம்பி, நீங்கள் உச்ச சக்தியை மட்டும் பார்க்கிறீர்கள். முறுக்குவிசையையும் சேர்த்துப் பாருங்கள். 1.8இல் 153 நியூட்டன் மீட்டர், 3500 சுற்றில். 2ஈயில் 166, 3200 சுற்றில். அதைவிட முக்கியம், அந்த 85 கிலோவாட் என்பது வால்வுகளைத் திறக்கும் சாதுவான கேமோடும் அமைதியான சைலன்சரோடும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கோல்ஃப் 3க்காகக் கட்டிய என்ஜினின் எண். அதன் சக்தியை அடக்கியது கிராங்க் அல்ல. உள்ளே வெளியே காற்றை விடாத ஹெட்தான். கீழ்ப்பாதியை மட்டும் எடுத்து, பழைய ஜிடிஐ ஹெட்டை நன்றாகச் சுத்தம் செய்து, கொஞ்சம் கூர்மையான கேமும் நல்ல பிராஞ்சும் (ஹெட்டிலிருந்து புகை போகும் குழாய்த்தொகுதி) போட்டால் கதை வேறு. அந்த ஹெட்டில் உள்ளிழு வால்வு 40 மிமீ இருக்கிறது, சின்ன வால்வு என்று அழத் தேவையில்லை.

நான் இப்படிப்பட்ட வண்டியைத்தான் ஓட்டுகிறேன். நகரிலிருந்து ஹில்டன் வரை என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் என்கிற மலையின் ஏற்றம் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். லாரிக்குப் பின்னால் வேகம் இறங்கிப்போய், பக்கத்துத் தடம் திறந்ததும் நாலாவது கியரிலேயே மிதித்தால் ஏறுகிறது. 1.8இல் மூன்றுக்கு இறக்கியாக வேண்டும். இந்த வித்தியாசம் சக்தியை அளக்கும் டைனோ தாளில் மூன்று கிலோவாட் என்று எழுதியிருக்கலாம், ஓட்டுகிறவனுக்கு அது வேறு வண்டி.

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

மலையேறி அண்ணா, இதுதான் எனக்கும் வேண்டும். டர்போ என்றால் வயரிங், கணினி, இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப் என்று எல்லாமே மாறும். வண்டி வேறாகிவிடும். அது வேண்டாம்.

ஏபிஎஃப் பற்றி யாரும் பேசவில்லையே. 110 கிலோவாட், 180 நியூட்டன் மீட்டர் என்று படிக்கும்போது கை அரிக்கிறது.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

அரிக்கட்டும், சொறியாதே. ஏபிஎஃப் பிளாக்கின் உயரம் 236 மிமீ. உன்னுடையதைவிட 16 மிமீ கூடுதல். அதன் மேலே இரண்டு கேம் கொண்ட ஹெட் உட்காருகிறது. உன் ஹெட்டில் உள்ளிழுப்பும் வெளியேற்றமும் இரண்டும் பின்பக்கம், தீச்சுவரை ஒட்டி. அதில் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முன்னால் வரும் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் சண்டை வரும். செய்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் பானெட்டைத் தொடமாட்டேன், கே-ஜெட்டைக் கழற்றமாட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் நிபந்தனைக்குள் அது வராது.

மலையேறி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயாவிடம் ஒரு கருத்து வேறுபாடு. உயரமான பிளாக்கை முழுவதும் தள்ளிவிடக் கூடாது. 236 பிளாக்கில் ராட் 159 மிமீ. ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 1.71. 220 பிளாக்கில் 144ஐ 92.8ஆல் வகுத்தால் 1.55தான். ராட் அதிகம் சாய்கிறது, பிஸ்டன் சுவரை அதிகம் அழுத்துகிறது. பழைய 1.8இல்கூட இது 1.67 இருந்தது. உயரமான எட்டு வால்வு பிளாக்கின் மேல் நம் பழைய ஹெட்டைப் போட்டு ஓட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் நிறைய இருக்கிறார்கள். 16 மிமீக்கு பானெட் இடிக்காது.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

இடிக்காதுதான். ஆனால் டைமிங் பெல்ட் நீளம் மாறும். ஹெட் மேலே போனதும் புகைக்குழாய் கூடவே மேலே போகும், கே-ஜெட்டின் காற்றுக்குழாயும் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், எல்லாம் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் முடியாது. 1.55 என்கிற எண்ணைப் பார்த்து நான் பயந்ததில்லை. அந்த என்ஜின்களை மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் திறந்திருக்கிறேன். சுவர் தேய்ந்திருக்கும், ஆனால் நீங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

என் கவலை வேறு. 92.8 ஸ்ட்ரோக்கில் 6500 சுற்றுக்கு பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 20 மீட்டரைத் தாண்டுகிறது. 1.8இல் அதே சுற்றுக்கு 18.7. ஆகவே பழைய பழக்கத்தில் சிவப்புக்கோட்டுக்கு மேல் மிதிக்கிறவனுக்கு இந்த என்ஜின் ஒத்துவராது. ராட் ஆணிகள் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். என் பிளாக்கிலேயே கிராங்கை மாற்றுகிறேன் என்று போகிறவர்கள், ராட் ஆணி, எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் இடைத்தண்டை உரசுகிறதா என்று ஸ்பானரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். காதால் கேட்டுச் சொல்கிற விஷயமல்ல, களிமண் வைத்து இடைவெளியை அளக்க வேண்டும்.

மலையேறி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ராட் விகிதத்தில் நான் என் கட்சியிலேயே இருக்கிறேன். ஆணி விஷயத்தில் ஐயா சொன்னதுதான்.

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

சரி, 220 பிளாக் என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்ரெஷன் விகிதம் எவ்வளவு வைக்கலாம்? ஒரு பட்டறையில் ஹெட்டின் அடிப்பக்கத்தை நன்றாகச் சீவிவிடு, பறக்கும் என்றார்கள்.

உயரத்துக்காரன் (லெனேஷியா)

இங்கே 11க்கு 1 வைத்து 93 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டுகிறார்கள். ஒரு தட்டல் சத்தம் கிடையாது. பயப்படாமல் சீவு.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

தயவுசெய்து இந்த அறிவுரையை டர்பனில் யாரும் கேட்காதீர்கள். தம்பி சொல்வது அவருடைய ஊருக்கு உண்மை. உயரத்தில் காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் போவதே குறைவு, அழுத்தி முடித்தபின் அழுத்தமும் குறைவு. அதனால்தான் உள்நாட்டில் 93 விற்கிறார்கள், கடலோரத்தில் 95. அந்த 11க்கு 1 என்ஜினை டிசம்பர் விடுமுறைக்கு குடும்பத்தோடு கீழே ஓட்டிக்கொண்டு வரட்டும். வான் ரீனன் கணவாயைத் தாண்டி இறங்க இறங்கக் காற்று கனத்துக்கொண்டே வரும். திரும்பிப் போகும்போது 30 பாகை வெயிலில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினால், பிஸ்டன் தலையில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்கும்.

இன்னொரு கணக்கு. உன் 1.8இல் ஒரு சிலிண்டர் 445 சிசி. 10க்கு 1 என்றால் எரியறையின் மொத்தக் கொள்ளளவு 49.5 சிசி. அதே 49.5ஐ வைத்துக்கொண்டு சிலிண்டரை 496 சிசி ஆக்கினால், எதையும் சீவாமலே 11க்கு 1 ஆகிவிடும். பெரிய என்ஜின் கட்டுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கொள்ளளவு கூடினால் அழுத்த விகிதம் தானாகக் கூடும். 10க்கு 1இல் நிற்க உனக்கு 55 சிசி வேண்டும். 10.5க்கு 52.

பிஸ்டன் தலையின் குழிவு, கேஸ்கெட் தடிப்பு, ஹெட்டில் இருக்கும் குழி, பிஸ்டன் மேல்தளத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, இந்த நான்கும் சேர்ந்ததுதான் அந்த எண். ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தட்டால் மூடி, பியூரெட்டால் எண்ணெய் விட்டு அளக்க வேண்டும். நான்கு குழிகளும் ஒன்றாக இருக்காது, ஒன்றாக்க வேண்டும். தெருவில் ஓடுகிற வண்டி, சூடான ஊர், ஆக்டேன் 95, இரும்புப் பிளாக், பழைய பற்றவைப்பு. நான் 10.3 அளவில் நிறுத்துவேன். பறக்க வேண்டும் என்றால் கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் போகலாம்.

உயரத்துக்காரன் (லெனேஷியா)

கணவாயைத் தாண்டினால் 95 ஊற்றிக்கொண்டு டைமிங்கை இரண்டு பாகை பின்னுக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதானே ஐயா. ஆனால் 49.5 கணக்கு எனக்கே புதிது. எழுதி வைத்துக்கொண்டேன்.

வெருலம் மீனா

ஆண்கள் எல்லோரும் மிமீ பேசி முடித்ததும் ஒரு வார்த்தை. வண்டியின் பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண் இருக்கிறது. வேறு பிளாக் வைத்தால் அந்த எண் மாறும். பழைய என்ஜின் கடையில் வாங்கும்போது ரசீதில் என்ஜின் எண்ணும் விற்பவரின் விவரமும் இருக்க வேண்டும். பிறகு போலீஸ் சோதனைச் சான்று வாங்கி உரிம அலுவலகத்தில் பதிவை மாற்ற வேண்டும். திருட்டு வண்டியின் பிளாக் என்று தெரிந்தால் உங்கள் கார் அங்கேயே நின்றுவிடும். கோல்ஃப் என்ஜின் திருடர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் தெரிவிக்காமல் ஓட்டினார். ரோபோவில், அதாவது சிக்னல் விளக்கில், நின்றுகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த வண்டி இடித்தது. தவறு அவருடையதே அல்ல. ஆனாலும் பணம் வர மாதக்கணக்கில் அலைந்தார். பார்க்கப்போனால், சொந்த பிளாக்கில் கிராங்கை மட்டும் மாற்றுகிறவருக்கு எண் பிரச்சினையே கிடையாது. காப்பீட்டுக்குச் சொல்வது மட்டும் இரண்டு வழியிலும் உண்டு.

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

மீனா அக்கா, இது என் மனத்தையே மாற்றுகிறது. அப்பா வாங்கிய எண்ணோடு வண்டி இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பிளாக் சுவரை அளக்கக் கொடுத்திருக்கிறேன். பீனிக்ஸ் ஐயா சொன்ன அல்ட்ராசானிக் கருவி இருக்கிற இடம் கிடைத்துவிட்டது.

இதற்கிடையில் கியர்பாக்ஸ் தாங்குமா? 020 ஐந்து வேகப் பெட்டி.

மலையேறி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பல் தாங்கும். டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள்தான் அந்தப் பெட்டியின் பலவீனம். ஒன்று அறுந்து வெளியே வந்தால் பெட்டியின் அலுமினியச் சுவரையே குத்திக் கிழிக்கும். என்ஜின் வெளியே இருக்கும்போதே ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு போல்ட் போட்டுவிடுங்கள். இன்னொன்று, இந்தப் பெட்டியோடு வரும் கிளட்ச் அமைப்பு தலைகீழானது. பிரஷர் பிளேட் கிராங்கில் பூட்டப்படுகிறது, ஃப்ளைவீல் அதன் மேல் வருகிறது. பழக்கமில்லாத மெக்கானிக் மற்ற வண்டிகளின் நினைவில் கை வைத்தால் குழம்புவார். 210 மிமீ கிளட்ச் போடுங்கள்.

பிரேக்கையும் மறக்காதீர்கள். முன்னால் 239 மிமீ தட்டுதான். 256 மிமீ தட்டுக்கு மாறலாம், ஆனால் 13 அங்குலச் சக்கரம் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

காடெட் பக்தன் (டோங்காட்)

கேம் எது போடப்போகிறாய் என்று சொல்லவே இல்லையே. என் பங்குக்கு ஒரு நல்ல தகவல் தருகிறேன், கோல்ஃப்காரர்கள் என்பதற்காக வஞ்சகம் செய்ய மாட்டேன். கே-ஜெட்டில் உள்ளே போகிற காற்றே ஒரு தட்டைத் தூக்கி, அந்தத் தூக்கலின் அளவுக்குப் பெட்ரோல் விடுகிறது. காட்டுத்தனமான கேம் போட்டால் ஐடிலில் காற்று முன்னும் பின்னும் அடித்து அந்தத் தட்டு ஆடும். வண்டி ரோபோவில் நின்று கெஞ்சும். அப்படிப்பட்ட கேம்தான் வேண்டும் என்றால் கே-ஜெட்டை மறந்துவிட்டு இரட்டை வெபர் 45 கார்புரேட்டர் போடு.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

பார், டோங்காட்டிலிருந்தும் சில நேரம் நல்ல சேதி வருகிறது. சரியாகச் சொன்னார். கே-ஜெட்டுக்கு 11 சதவீதம் கூடுதல் காற்று பெரிய சுமையல்ல. 3 மிமீ ஆலன் சாவியால் கலவையைச் சரிசெய்தால் போதும், ஆனால் வாயு அளவிக் கருவி இருக்கிற இடத்தில் செய். 268 முதல் 272 பாகைக்குள் ஒரு கேம். உன் ஹெட்டில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பது திட லிஃப்டரா, ஹைட்ராலிக்கா என்று முதலில் பார். அதற்குச் செய்த கேம் இதற்குப் பொருந்தாது.

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

அளவு வந்துவிட்டது. மிக மெலிந்த இடத்திலும் சுவர் போதிய தடிப்போடு இருக்கிறது, 82.5 தாராளமாகப் போகலாம் என்றார்கள். திட லிஃப்டர் ஹெட். கிராங்க் ஒன்று ரசீதோடு கிடைத்திருக்கிறது, ஜர்னல்கள் அளவுக்குள் இருக்கின்றன. பட்டறைக்காரர் 83 போடலாம், 2008 சிசி வரும் என்று ஆசை காட்டுகிறார்.

கடைசல்காரர் (பீனிக்ஸ்)

24 சிசிக்கு ஆசைப்பட்டு அடுத்த முறை போர் செய்ய இருக்கிற சுவரை இன்றே தின்னாதே. 2 லிட்டர் வரம்பு வைத்த போட்டிப் பிரிவு எதிலாவது ஓட்ட நினைத்தால் அதற்கும் வெளியே போய்விடுவாய். 82.5இல் நில்.

பிஸ்டன் கையில் வராமல் பிளாக்கைப் போர் செய்யக் கொடுக்காதே. பெட்டியில் எழுதியிருக்கிற அளவை நம்பாமல் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்தச் சிலிண்டரை அதற்கேற்ப நுணுக்கமாகத் தேய்த்து ஹோன் செய்யச் சொல். மெயின் பேரிங் மூடிகளை முறுக்கிப் பூட்டிய நிலையில் போர் செய்யட்டும்.

முதல் ஓட்டத்துக்கு வீட்டு வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் விடாதே. திட லிஃப்டருக்குத் துத்தநாகம் உள்ள எண்ணெய் ஊற்றி, என்3இல் மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறு. பாதி மிதியில் சுமை கொடு, பிறகு காலை எடுத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறை. ரிங் அப்படித்தான் சுவரில் பதியும். மலையேறியின் வீட்டில் டீ கிடைக்கும்.

மலையேறி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டீ உண்டு. உயரமான பிளாக்கைப் பற்றிய விவாதமும் உண்டு.

காடெட் பக்தன் (டோங்காட்)

பழைய 86.4 கிராங்கையும் ராட்களையும் விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல். என் மைத்துனனிடம் ஒரு சிட்டி கோல்ஃப் இருக்கிறது. இதை வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

செங்கோல்ஃப் (சாட்ஸ்வர்த்)

அண்ணா, ராட் என் என்ஜினுக்கே வேண்டும், அதே 144தான். கிராங்கை மைத்துனருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் வந்தால் இருப்பேன், காடெட்டிலேயே வாருங்கள்.